தண்டனை பற்றி எழுத வேண்டாம்

படிவத்தின் தலையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்:
நடந்தது உங்களை எப்படிப் பாதித்தது, எழுதலாம்.
என்ன தண்டனை கொடுக்கலாம் என்று மட்டும்
எழுத வேண்டாம்.
திங்களுக்குள் வேண்டும் என்றாள் பிலிப்பா.
அன்றைக்கு என் தலையைக் குனியவைத்து
பொலிஸ் காரில் ஏற்றிய அதே கை
பேனாவை நீட்டியது.

ஸ்விண்டனுக்கு வெளியே ஒரு பெற்றோல் ஷெட்.
இரவு பதினொன்றிலிருந்து விடிய ஏழு.
சிகரெட் அலுமாரிக்கும் கல்லாவுக்கும் நடுவில் நான்,
நெஞ்சில் குத்திய சின்னத் தகடு: ரூபன்.

கெய்லிக்கு அப்போது பத்தொன்பது.
சுவிங்கம் வாங்கினாள், மிச்சக் காசை எண்ணாமல் போனாள்.
விடிந்து வீடு திரும்பியவளிடம்
எங்கே இருந்தாய் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.
சொல்ல முடியாத இடத்தில் இருந்தவளுக்கு
ஒரு பெயர் தேவைப்பட்டது.
என்னுடையது வாசிக்கச் சுலபம்.

இரண்டு மணிக்கு, என்றாள்.
கமெராவின் இரண்டு மணியில்
கல்லாவில் ஆளில்லை.

நாற்பத்தேழு நாள்.
சப்பாத்தைக் கழற்றாமல் படுத்தேன்.
எதற்கு உள்ளே வந்தாய் என்று கேட்டவனிடம்
களவு என்றேன், கொஞ்சம் பெருமையோடு.
சுகந்தினி பார்க்க வந்தாள்.
"நீங்கள் இல்லைத்தானே?"
ஒரே ஒருமுறைதான் கேட்டாள்.
அந்தத் 'தானே' இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.
சாப்பாட்டு மேசையில் அதற்கும் ஓர் இடம்.

பிறகு ஒரு லொறிக்காரனின் பில் கிடைத்தது.
பில்லில் இரண்டு மணி, கமெராவில் மூன்று,
இரண்டிலும் அவனுக்குப் பால் விற்றுக்கொண்டு நான்.
ஒக்டோபர் கடைசி ஞாயிறு
கமெராவின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டியவனும் நான்தான்.
ஸ்டூல் ஆடுகிறது என்று விட்டுவிட்டேன்.

கெய்லி ஒத்துக்கொண்டாள் என்று தெரிந்த இரவு
குசினியில் நின்று கத்தினேன்:
பொய் சொன்னவளை உள்ளே போடுங்கோ.

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள் நிரோஜா.
சுகந்தினியின் சித்தப்பா மகள்.
ரீடிங்கில் ஹோட்டல் அறை துடைக்கப் போனவள்,
நடந்ததை நடந்தபடி பொலிஸில் சொன்னாள்.
போனை ஏழு மாதம் வைத்திருந்து
ஒரு கடிதத்தோடு திருப்பித் தந்தார்கள்: சான்று போதாது.
மேற்பார்வைக்காரன் அடுத்த நாள்
எல்லார் முன்னாலும் சொன்னானாம், என் வசனத்தை.
அவன் இங்கிலீஷில். நான் தமிழில்.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள்.
வெங்காயம் பாதியில் கிடந்தது.

நிரூபிக்க முடியாதது வேறு, பொய் வேறு.
எனக்குத் தெரியாதா?
ஆனால் பொலிஸ் வாசல் வரைக்கும் வந்து
பஸ் தரிப்பிடத்துக்கே திரும்பிப் போகிறவளுக்கு
அந்த வித்தியாசத்தை யார் போய்ச் சொல்வது?
அதற்காக என் நாற்பத்தேழு நாளை
நீர்மேல் எழுதச் சொல்லாதேங்கோ.

ஐந்து தாள் கிழித்தேன்.
அந்த அறைக்குள் கெய்லியை இருத்திப் பார்த்தேன்,
இரும்புக் கக்கூஸ், இரவில் யாரோ கதவை உதைக்கும் சத்தம்.
முதல்நாள் இனித்தது.
மூன்றாம் நாள் அவள் சப்பாத்தோடு படுத்திருந்தாள்.
எழுத வேண்டாம் என்றதால் இரண்டையும் எழுதவில்லை.
நல்லகாலம், கேட்கவில்லை.
கேட்காமல் விட்டார்களே என்ற கோபம் வேறு.

இப்போது வேறு ஷெட், அதே இரவு வேலை.
இன்று மார்ச் கடைசி ஞாயிறு.
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில்
இன்றைக்கு மணித்தியாலமே இல்லை.
ஆடுகிற ஸ்டூலில் ஏறி கமெராவைத் திருத்தினேன்.
படிவத்தில் இதுவரைக்கும் ஒரே வரி:
சட்டையில் பெயர் குத்துவதில்லை.

கதவு திறந்தது. ஒரு பெண், தனியே.
இரண்டு கையும் கமெராவுக்குத் தெரிய
மிச்சக் காசை மேசையில் வைத்தேன்.
மணி என்ன என்று கேட்டாள்.
சுவரைக் காட்டினேன்.